முன்பின் அறியாதவர்

கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரத்தில் நான் கண்டு வியந்தது ஹௌரா பாலமும் அன்று, விக்டோரியா மண்டபமும் அன்று. தோளில் புத்தக மூட்டையோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அமர்ந்திருந்த ஓர் அம்மையார், என் முகத்தைக்கூட ஏறிட்டுப் பாராமல், கையை நீட்டி என் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். பறிக்கிறாரோ என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ராஜாபஜாரில் இறங்கும்போது பை திரும்பி வந்தது. நன்றி சொல்ல வங்கச் சொல்லைத் தேடுவதற்குள் அவர் மடியில் வேறொருவர் பை ஏறிவிட்டது.

நம் ஊர்ப் பஸ்ஸிலும் இவ்வழக்கம் உண்டே என்பீர்கள். உண்டு. மொழி தெரியாத ஊரில்தான் அதன் அருமை தெரிகிறது.

யார் என்று கேட்காமல், நாம் கேட்பதற்கு முன்பே நீளும் கை அது. இதே தன்மை கொண்ட பெரிய உதவி ஒன்று இந்நகரத்தில் அன்றாடம் நடக்கிறது. அது இரத்த தானம். அறிவியல் மாணவி என்ற முறையில் அதைப்பற்றிச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

‘பாடா’ என்று இங்கே சொல்லப்படும் பேட்டைகளில் இளைஞர் கிளப்புகள் உண்டு. துர்க்கா பூஜைக்குப் பந்தல் போடும் அதே பிள்ளைகள், ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை தெருவோரம் துணிப்பந்தல் கட்டி, கட்டில் போட்டு, இரத்த தான முகாம் நடத்துகிறார்கள். சென்ற செப்டம்பரில் அப்படி ஒரு முகாமுக்குத் துணிந்து போனேன். விரல் நுனியில் குத்தி, ஒரு துளியை நீல நிற மயில்துத்தக் கரைசலில் விட்டார்கள். அக்கரைசலின் ஒப்படர்த்தி 1.053. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராம் அளவேனும் இருந்தால் துளி மூழ்கும், குறைந்தால் மிதக்கும்.

என் துளி மிதந்தது.

இரும்புச்சத்தைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவள் நான்! விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை உணவைத் தள்ளிவிட்டு வகுப்புக்கு ஓடியது நான்தானே. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சில மாதம் கழித்து வரச் சொன்னார்.

கொடுப்பவரும் பெறுபவரும் முகம் காணாமல் இருப்பது இன்று நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. முன்பு அப்படியில்லை. உடலைவிட்டு வந்த இரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும்; ஆகவே இருவரும் அருகருகே இருக்க வேண்டும். 1914-ல் பெல்ஜியத்தில் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் அகோத்தேயும் சோடியம் சிட்ரேட் கலந்த இரத்தத்தைச் செலுத்திக் காட்டினார்கள். இரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 1917-ல் ஆஸ்வால்டு ராபர்ட்சன் என்ற மருத்துவர் பிரான்சுப் போர்முனையில் குளுக்கோசும் சேர்த்து, காயம்படுவோருக்காக இரத்தத்தை முன்கூட்டியே சேமித்து வைத்தார். எலுமிச்சையில் உள்ள அமிலத்தின் உப்பு ஒன்று, முன்பின் அறியாதவருக்கு இரத்தம் கொடுப்பதைச் சாத்தியமாக்கிவிட்டது!

ஆனால் சேமிப்புக்கு எல்லை உண்டு. பைக்குள்ளும் சிவப்பணுக்கள் உயிரோடிருந்து குளுக்கோசை உண்கின்றன. குளிர்பெட்டியில் வைத்தாலும், கரைசலைப் பொறுத்து, 35 நாள் அல்லது 42 நாள்தான். தட்டணுக்களுக்கு 5 நாளே.

நாம் ஊருக்குப் போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2023 ஜூன் 2 அன்று மாலை, ஒடிசாவில் பாஹாநகா பஜார் நிலையத்தில், சைகைக் கோளாறால் கிளைப்பாதையில் புகுந்து நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். இருட்டில் முதலில் ஓடிவந்து பெட்டிகளுக்குள்ளிருந்து மக்களை மீட்டவர்கள் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். பாலசோரில் இளைஞர்கள் அன்றிரவே வரிசையில் நின்று இரத்தம் கொடுத்தார்கள். ஓரிரவில் 500 யூனிட் சேர்ந்ததாக அம்மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவித்தார். படித்தபோது என் கண் கலங்கியது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது கொடுத்த இரத்தம் அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போவதில்லை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய சோதனைகள் முடியச் சில மணி நேரம் ஆகும். குருதி வடிந்து கிடப்பவருக்கு அந்த நேரம் இராது. அவரைக் காப்பது ஏற்கெனவே குளிர்பெட்டியில் இருக்கும் பை: விபத்து வரும் என்று அறியாமலே, யாரோ ஒருவர் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் கொடுத்தது. வரிசையில் நின்றவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. மறுநாள் அறுவைகளுக்கும் காலியான பெட்டிக்கும் அவர்கள் இரத்தம் வேண்டியதே.

விபத்துக்கு மட்டுமா? வங்கத்தில் தலசீமியா நோயுள்ள குழந்தைகள் பலர். அவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுதும். விலைக்கு வாங்கவும் வழியில்லை. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பால், 1998 ஜனவரி முதல் காசுக்கு இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டுவிட்டது. அது நல்லதே.

இங்கேதான் நம்மைப் பற்றிய செய்தி வருகிறது, நண்பர்களே. மே, ஜூனில் கல்லூரிகள் மூடுகின்றன; வெயிலில் பேட்டை முகாம்களும் குறைகின்றன. இரத்த வங்கிகள் ஆண்டுதோறும் திண்டாடும் காலம் அதுதான். நாமோ மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறுகிறோம்! நம் சங்கம் முகாமைப் பொங்கல் விழாவோடு நடத்துகிறது. கூட்டம் சேரும், உண்மைதான். ஆனால் 35 நாள் கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் கொடுத்த இரத்தம் மே மாதத்துக்கு எட்டாது. முகாமை மே மாதத்துக்கு மாற்றும்படி செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.

இவ்வாண்டுப் பொங்கல் முகாமில் என் துளி மூழ்கியது. 350 மில்லிலிட்டர் எடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நீர்ப்பகுதி இரண்டொரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்களுக்குச் சில வாரம் ஆகும். வாழைப்பழமும் முட்டையும் சந்தேஷும் தந்தார்கள். பையின்மேல் என் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் இருந்தது. மறுமுறை கொடுக்க ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். விரல்விட்டு எண்ணினேன்; மே மூன்றாம் வாரத்தில் வந்து நின்றது. ஊருக்கு எடுத்திருந்த டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன்.