வெயிலா, விஷமா?

சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சிராப்பள்ளியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. அந்நாட்களில் காவேரிக்கரைத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பவர் மயங்கி விழுந்தால், அருகிலிருப்போர் "வெயில் தாக்கிவிட்டது" என்று எண்ணி, நிழலில் கிடத்தி நீர்மோர் புகட்ட முற்படுவர். விழுந்த காரணம் விஷமாயிருந்தால் இதனால் காலம் வீணாகும். நினைவிழந்தவருக்கு எதைப் புகட்டினாலும் அது மூச்சுக் குழலில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் உடலில் சேர்ந்தால் கண்ணின் பாவை குண்டூசித் தலையளவாகச் சுருங்கும். எச்சில் ஒழுகும், மூச்சு இரைக்கும், சதை துடிக்கும், வாந்தியும் பேதியும் காணும். பாவை சுருங்கவில்லை என்பதால் விஷமில்லை என்று தீர்மானித்துவிடலாகாது. வெயில் தாக்கியவருக்கோ உடல் அனலாய்க் கொதிக்கும், பேச்சு பிதற்றலாகும், வலிப்பும் வரலாம். தோல் உலர்ந்திருக்கும் என்பர். ஆனால் கடுமையாக உழைத்தவருக்கு வியர்வையும் இருக்கக்கூடும்.

ஐயமிருப்பின் இரண்டுக்கும் பொதுவான காரியம் ஒன்று உண்டு. உடுத்திய துணிகளைக் களைந்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிச் சோப்பிட்டுக் கழுவுக. சூடு தணியும், விஷமும் நீங்கும். இம்மருந்துகள் வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியாகவும் உட்புகுவன. ஆகையால் கழுவுகிறவர் கையுறையோ, பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ளுதல் நலம். பிறகு ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. வெயிலால் தோல் வெந்து கொப்புளித்திருந்தால் குளிர்ந்த நீர் போதும். கொப்புளத்தை உடைத்தலும் எண்ணெய் தடவுதலும் கூடா.

விஷம் என்றவுடன் உப்புநீரோ சாணிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது நம்மிடையே நெடுநாள் வழக்கம். இதை அறவே விட்டொழிக்க வேண்டும். நெசவாளர் இல்லங்களில் சாயத்துக்கென வைத்த காஸ்டிக் சோடாக் கரைசலைக் குழந்தை குடித்துவிட்டால், போகும்போது தொண்டையைச் சுட்டது வாந்தியில் திரும்பும்போது மறுமுறை சுடும். மண்ணெண்ணெயாயின் வாந்தியில் நுரையீரலுக்குள் சென்றுவிடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து உடனே புறப்படுவதே முறை.

1958-ஆம் ஆண்டில் கேரளத்தில் பாலிடால் என்னும் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவும் மருந்தும் கப்பலில் அருகருகே ஏற்றப்பட்டதே அதற்குக் காரணம். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் அதன் பின்னரே பிறந்தது. கொள்கலத்தின் மீது காணும் வண்ண முக்கோணம் அச்சட்டத்தின் வழிவந்த விதிகளால் ஏற்பட்டதாகும். சிவப்பாயின் மிகக் கொடியது. அதே சீட்டில் மாற்று மருந்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். பாலக்கரைக் கடையில் வாங்கிய மருந்தை வீட்டில் சர்பத் புட்டிக்கு மாற்றி வைப்போர், டாக்டர் முதலில் கேட்கும் அத்தாட்சியை அழித்துவிடுகின்றனர்.

108-க்குத் தொலைபேசியில் சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். புத்தூரிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குச் செல்கையில் நோயாளியை இடப்புறமாகச் சாய்த்துக் கிடத்தி, அந்தப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்க.