உறைபனியை நம்பி

மலர்வளையம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது ஒரு சாவு வீடோ, மறைந்த தலைவர் ஒருவரின் சமாதியோதான். ஆகையால், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மேய்ன், வெர்மான்ட் முதலிய மாநிலங்களில், டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு தலைவாசற்கதவில் பசுந்தழையால் கட்டிய ஒரு வளையம் தொங்குவதைப் புதிதாகக் காணும் நம்மவர் சற்றுத் திடுக்கிடவே செய்வார். ஆனால் அது துக்கத்தின் சின்னமன்று. நம் நிலைப்படியில் மாவிலைத் தோரணம் எதைச் சொல்கிறதோ, அதையே அந்த வளையமும் கிறிஸ்துமஸ் பண்டிகையை எதிர்நோக்கிச் சொல்கிறது; சுற்றிலுமுள்ள மரங்கள் இலையுதிர்த்து வெறும் குச்சிகளாய் நிற்கும் பருவத்தில், பசுமை மாறாத ஊசியிலை மரத்தின் தழையால் கட்டியதென்பதே அதற்குரிய விசேஷம்.

இவ்வளையங்களைக் கட்டி விற்பதும், மார்ச் மாதத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றை இறக்கிப் பாகு காய்ச்சி விற்பதுமாகிய இரு தொழில்களையும் சேர்த்தே நடத்திவரும் சிறு குடும்பங்கள் அப்பிரதேசத்தில் உண்டு. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள், வேலை மும்முரமாகும்போது கைகொடுக்கும் அண்டை வீட்டார் என்ற இவ்வளவே அவர்களுடைய ஸ்தாபனம். தழைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தமென்று கேட்கலாம். இரண்டையும் தொடங்கிவைப்பது உறைபனிதான். நம் உழவன் மழைக்காக வானத்தைப் பார்ப்பதுபோல அவர்கள் குளிருக்காக வெப்பமானியைப் பார்க்கிறார்கள்.

வளையத்துக்கு உகந்தது பால்சம் ஃபிர் என்ற மரம். அதன் ஊசிகள் தட்டையானவை. மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளிப் பளபளப்பு. கல்லூரியில் தாவரவியல் பயின்றவர்கள், தண்டின் மெல்லிய சீவலைக் கண்ணாடிச் சில்லில் நிரந்தரமாக ஒட்டிவைக்கக் ‘கனடா பால்சம்’ என்ற பிசினைப் பயன்படுத்தியதை மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பிசின் இம்மரம் தருவதே. தழை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் செப்டம்பரில் அதைத் தொடமாட்டார்கள். பூஜ்யத்துக்கு ஏழு டிகிரி கீழே குளிர் இறங்கிய இரவுகள் மூன்றாவது கழிந்தால்தான் ஊசிகள் காம்பில் இறுகும் என்பது அவர்களுடைய அனுபவ சாஸ்திரம். அதற்கு முந்தி ஒடித்த தழை, வாங்கியவரின் கதவில் தொங்கும்போதே உதிர்ந்து, விற்றவரின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். குளிர் சரியாகப் பிடித்த பின்னரோ, கத்தியே வேண்டாம், கட்டைவிரலால் அழுத்தினாலே கொப்பின் நுனி ‘சடக்’கென்று ஒடிந்து கையோடு வருகிறது. இதற்கு ‘டிப்பிங்’ என்று பெயர். மரத்தின் உச்சியைத் தொடாமல் பக்கக் கிளைகளின் நுனிகளை மட்டும் எடுப்பதால் மரம் பிழைத்துச் சில ஆண்டுகளில் மீண்டும் தழைக்கிறது. ஒடித்தவற்றை, பக்கக் கணுக்களை விட்டுச் சீவிய நீண்ட கழியொன்றில் ஒன்றன்மேலொன்றாகச் செருகித் தோளில் சுமந்து வருவது பழைய வழக்கம். பிறர் காட்டில் ஒடிப்பதென்றால் உரியவரின் அனுமதி வேண்டும். இல்லையேல் மேய்ன் மாநிலச் சட்டப்படி அது குற்றம்.

கட்டும் விதமோ நம் வீட்டுப் பெண்கள் பூத்தொடுப்பதைப் பெரிதும் ஒத்தது. சில நுனிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, இரும்புக் கம்பி வளையத்தின்மீது வைத்து, மெல்லிய கம்பியால் இறுகச் சுற்றுகிறார்கள். ஒரு கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் தழை மறைக்க, கடைசிக் கொத்தை முதற்கொத்தின் அடியில் செருகியதும், தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாமற் போகிறது. பிறகு ஒரு சிவப்பு நாடாப் பூ, இரண்டு மூன்று பைன் காய்கள். கட்டும் கொட்டகையைத் தாராளமாகச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. வெப்பம் பட்டால் தழை வாடும். குளிரில் விறைத்த விரல்களில் பிசின் கறுப்பாய் அப்பிக்கொள்ள, எண்ணெய் தடவித் தேய்த்தாலொழிய அது போகாது. இத்தனையும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழனன்று வரும் நன்றித் திருநாளை ஒட்டிய சில வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டும்; டிசம்பர் 25 கழிந்தால் அந்த வளையத்தைச் சீந்துவாரில்லை.

1992-இல் மேய்ன் மாநிலத்து ஹாரிங்டன் ஊரைச் சேர்ந்த ஒரு வளைய வியாபாரிக்குப் பண்டிகை நெருங்குகையில் சரக்கு மிஞ்சிவிட்டது. சுமார் 5,000 வளையங்கள். அவற்றை வீணாக்க மனமின்றி வாஷிங்டன் நகரை அடுத்த ஆர்லிங்டன் ராணுவ மயானத்துக்கு அனுப்பிக் கல்லறைகளில் சார்த்தச் செய்தார். அது ஆண்டுதோறும் தொடர்ந்து இன்று பெரியதோர் இயக்கமாகியிருக்கிறது. ஆக, மலர்வளையத்தைப் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணமும் முற்றிலும் பிழையன்று போலும்!

ஜனவரியில் கணக்கு முடிக்கும் வேலையும், பனியில் நடப்பதற்கான அகன்ற மிதியடிகளை மாட்டிக்கொண்டு மேப்பிள் தோப்பைச் சுற்றிவரும் வேலையும் தவிர அதிகமாக ஒன்றுமில்லை. முற்காலத்தில் மரந்தோறும் வாளி தொங்கிற்று. இப்போது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் மரத்துக்கு மரம் கோத்துச் சரிவின் அடியிலுள்ள தொட்டிவரை செல்கின்றன. அணிலுக்கு அந்தக் குழாயைக் கடிப்பதில் என்ன ருசியோ தெரியவில்லை. கடித்த இடங்களையெல்லாம் தேடி ஒட்டவேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பிப்ரவரிக் கடைசியில் துளையிடுகிறார்கள். அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அகலம், இரண்டங்குலத்துக்கு மிகாத ஆழம். விதையிலிருந்து முளைத்த மரம் இந்தச் சிறு காயத்தைத் தாங்கத்தக்க பருமனடைய ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆகின்றன. இரவில் நீர் உறைந்து, பகலில் அது இளகும் நாட்களில் மட்டுமே சாறு இறங்கும். குளிரில் மரத்தினுள் இருக்கும் காற்றுக்குமிழிகள் சுருங்க, ஒருவகை உறிஞ்சல் உண்டாகி வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. காலை வெயில் பட்டதும் உறைந்தது இளகி, குமிழிகள் விரிந்து, அந்த அழுத்தத்தால் சாறு துளைவழியே சொட்டுகிறது. இரவு பகல் இரண்டும் குளிராயிருந்தாலும் பயனில்லை, இரண்டும் வெதுவெதுப்பாயிருந்தாலும் பயனில்லை. அந்த ஊசலாட்டந்தான் இயந்திரம்.

நாவில் விட்டால் அந்தச் சாறு தண்ணீரைப் போலத்தான் இருக்கிறது. நம் பதநீரின் தித்திப்பை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். நூற்றில் இரண்டு பங்கே அதில் சர்க்கரை. 86 என்ற எண்ணைச் சர்க்கரையின் சதவீதத்தால் வகுத்தால், ஒரு பங்கு பாகுக்கு எத்தனை பங்கு சாறு வேண்டுமென்பது கிடைக்கும் என்று அங்கே ஒரு வாய்பாடு வழங்குகிறது; அதன்படி 43 லிட்டர் சாறு வற்றி ஒரு லிட்டர் பாகாகிறது. வாளி கட்டிய ஒரு துளை ஒரு பருவம் முழுதும் தருவது ஏறத்தாழ அந்த ஒரு லிட்டர்தான். மற்றதெல்லாம் ஆவி. கொட்டகையின் கூரையில் அது வெளியேறவென்றே ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் அங்கிருந்து வெண்மேகம் எழுவதைக் கண்டால், அக்கம்பக்கத்தார் காய்ச்சல் நடக்கிறதென்று தெரிந்துகொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சாறு புளித்துவிடுமாதலால் வந்த அன்றே காய்ச்சியாக வேண்டும். தூக்கத்துக்கு அப்புறம் இடமேது? நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய், உடனே அடங்கும். தண்ணீர் கொதிக்கும் நிலையைவிட நான்கு டிகிரி அதிகமான உஷ்ணத்தில் பதம் வந்துவிடுகிறது. கம்பிப்பதம் பார்க்கும் நம் பாட்டிமாரைப் போல, கரண்டியால் அள்ளிச் சாய்த்து, துளித்துளியாக விழாமல் விளிம்பில் அகலமாகத் திரைபோல் படிந்து விழுகிறதா என்று பார்ப்பவர்கள் வெப்பமானியின் காலத்திலும் இருக்கிறார்கள். பருவத் தொடக்கத்துப் பாகு பொன்னிறம். நாளாக ஆக, நுண்ணுயிர்களின் வேலையால் சர்க்கரை சிதைந்து, நிறமும் மணமும் கனத்துக்கொண்டே போகின்றன. என் அபிப்பிராயத்தில் அந்தக் கறுத்த பாகுக்கே ருசி அதிகம்.

இத்தொழிலின் மூலவர்கள் அந்நாட்டு ஆதிகுடிகள். பூர்ச்சமரப் பட்டைக் கலங்களில் சாறு பிடித்துச் சர்க்கரை செய்தவர்கள் அவர்களே. குடியேறிய வெள்ளையருக்குப் பிற்பாடு அதில் ஓர் அறநோக்கமும் தோன்றிற்று. கரும்புச் சர்க்கரை அடிமைகளின் உழைப்பால் விளைவது என்பதால், அதற்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையை ஆதரிக்க வேண்டுமென்று 1791-இல் பெஞ்சமின் ரஷ் என்ற வைத்தியர் தாமஸ் ஜெஃபர்ஸனுக்குக் கடிதம் எழுதினார். தாமே நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த ஜெஃபர்ஸனும் உற்சாகங்கொண்டு, அவ்வாண்டே மேப்பிள் கன்றுகளை வருவித்துத் தம் வர்ஜீனியத் தோட்டத்தில் நடுவித்தார். அந்தத் தோப்பு உருப்படவில்லை.

அடையாற்றில் வளர்ந்த ஜே. கிருஷ்ணமூர்த்திக்கு இளமையில் நெருங்கிய தோழியாயிருந்த ஹெலன் என்ற மாது, தம் துணைவர் ஸ்காட் நியரிங்குடன் 1932-இல் வெர்மான்ட் காட்டுக்குச் சென்று, ரொக்கத் தேவைக்கு மேப்பிள் பாகையே நம்பி வாழ்ந்து, 1950-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். நகர நாகரிகத்தை வெறுத்து ஓடியவர்களுக்கும் கொஞ்சம் காசு வேண்டியிருந்தது, மரம் கொடுத்தது.

இப்போதெல்லாம் குளிர் முன்போல் சொன்ன சொல்லைக் காப்பதில்லை. நவம்பரில் வெயில் நீடித்தால் தழைக்காரர் கைகட்டிக் காத்திருக்கிறார், வாங்குவோரோ காத்திருப்பதில்லை. பிப்ரவரியிலேயே மரம் சொட்டத் தொடங்கினால், துளையிடாதவர் முதல் ஓட்டத்தை இழக்கிறார். ஒரு பருவத்தின் நஷ்டத்தை மற்றது ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில்தான் இரு தொழில்களையும் இணைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் எஜமானன் ஒருவனாகவே இருப்பது அவர்களுடைய சங்கடம்.

ஏப்ரலில் மொட்டுகள் பருக்கத் தொடங்கியதும் சாற்றில் ஒரு கெட்ட நெடி ஏறிவிடும். குட்டைகளில் தவளை கத்தினால் வேலை முடிந்தது என்பது கிராமத்துக் கணக்கு. துளைகளிலிருந்து மூக்குகளைப் பிடுங்கி, குழாய்களையும் கொப்பரைகளையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தக் குடும்பத்தார் கோடரியை எடுக்கிறார்கள். பச்சை விறகு காய்ச்சலுக்கு உதவாது. வருகிற மார்ச்சில் எரியவேண்டியது ஒருபுறம் ஏற்கெனவே காய்ந்து அடுக்கியிருக்கிறது. இன்று பிளப்பது அதற்கடுத்த மார்ச்சுக்கு.