காந்தும் முகத்துக்கு வாசமில்லாத கிரீம்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடக்கிறவர்களுக்கு வறுத்த முந்திரியின் வாசம் பழக்கமானது. சாலையோரம் பெண்கள் பருப்பைப் பொட்டலம் போட்டு விற்பார்கள். பருப்பைச் சுற்றியுள்ள ஓட்டில் மட்டும் கறுத்த, கெட்டியான ஓர் எண்ணெய் ஒளிந்திருக்கிறது. அனகார்டிக் அமிலம், கார்டால் ஆகிய இரண்டும் கலந்த அந்த எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். மாங்காய்க் காம்பில் வடியும் பாலும் சேராங்கொட்டைச் சாறும் இதே தாவரக் குடும்பத்தின் சேட்டைகள்தான். கொட்டை உடைக்க உட்காரும்முன் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வது முந்திரித் தொழிலில் பழைய வழக்கம். தோலுக்கும் உறுத்தும் பொருளுக்கும் நடுவே ஒரு மறைப்பு வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்த விளம்பரமும் சொல்லித்தரவில்லை.

முகத்துக்குப் பூசும் மாய்ஸ்சரைசரின் வேலையும் அந்த மறைப்பைப் பார்த்துக்கொள்வதுதான். ஆனால் கடைக்குப் போய்க் கேட்டால் பொலிவு, பளபளப்பு, பழச்சாறு, தங்கத்துகள் என்று எல்லாமே கிடைக்கின்றன. ‘எதைப் போட்டாலும் முகம் காந்துது’ என்று சொல்பவருக்கு வேண்டியது மட்டும் அலமாரியின் கீழ்த்தட்டில், பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கிறது.

தோலின் ஆக மேலடுக்கு, செத்த செல்கள் அடுக்கிய மெல்லிய படலம். அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவரோடு ஒப்பிட்டார். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்பு, சாந்து. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தச் சாந்து. அது குறைந்தால் உள்ளேயிருக்கும் நீர் வெளியே ஆவியாகும். வெளியேயிருக்கும் சோப்பும் தூசியும் வாசனைப் பொருளும் உள்ளே இறங்கும். முதலாவது வறட்சி, இரண்டாவது காந்தல். இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். உடம்பில் மற்ற இடங்களைவிட முகத்தில், அதிலும் கண்ணிமையில், இந்தப் படலம் மெல்லியது.

சிலருக்கு இந்தக் குறை பிறப்பிலேயே இருக்கிறது. ஃபிலாக்ரின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் கோளாறு இருந்தால் தோல் வறண்டு, கரப்பான் எளிதில் வரும் என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். கையில் ரேகைகள் ஆழமாக ஓடி, கெண்டைக்காலில் மீன் செதிள்போல் வெடித்து, சின்ன வயதிலிருந்து மார்கழி வந்தாலே மேலெல்லாம் வெள்ளை பூத்துக்கொண்டிருந்தால் இந்த வகையாக இருக்கலாம். மற்றவர்களுக்கு முகம் காந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் முகத்தில் போட்டதுதான்.

முதலில் தண்ணீரும் சோப்பும். புதுக்கோட்டை மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு எல்லாமே மழையை நம்பியவை. பெரும்பாலும் கண்மாயும் போர்வெல்லும்தான் கதி. பாறைக்குள்ளிருந்து ஏறிவரும் போர் தண்ணீரில் பல ஊர்களில் சோப்பு நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தும் சோப்பும் சேர்ந்து பிசுபிசுத்த ஒரு படிவமாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். கடின நீரில் கழுவும்போது சோப்புப் பொருள் தோலில் கூடுதலாகத் தங்கி உறுத்துகிறது என்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் சொன்னது. அதற்காக மென்னீராக்கும் கருவிக்கு ஓட வேண்டாம். அதே இங்கிலாந்தில் கரப்பான் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளை வைத்து அந்தக் கருவியைச் சோதித்து, 2011-இல் வெளியிட்ட முடிவில் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. தண்ணீரை மாற்றுவதைவிட முகத்துக்குச் சோப்பைக் குறைப்பது எளிது, காசும் மிச்சம்.

தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஹெச் அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். உறையில் அச்சிட்டிருக்கும் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து மென்மையான சோப்பு என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று சொல்லும் தர அளவு. பிஹெச் பற்றி அது வாய் திறப்பதில்லை. காந்தும் முகத்துக்குக் காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில், சோப்பு இல்லாத கிளென்சர் என்று விற்கப்படும் நுரை குறைந்த திரவம் கொஞ்சம் போதுமானது.

பயத்தம் மாவு? ஆலங்குடி அருகே வம்பனில் பயறு வகைகளுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் இயங்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பாசிப்பயற்று மாவில் சோப்பின் காரம் இல்லை என்பது அதற்குச் சாதகம். ஆனால் மிக்சியில் அரைத்த மாவின் நொய் ஏற்கெனவே தேய்ந்த படலத்தை மேலும் சுரண்டும். சலித்து, குழைத்து, தேய்க்காமல் வழித்துக் கழுவுவதாக இருந்தால் சரி. அதோடு எலுமிச்சைச் சாறு, கஸ்தூரி மஞ்சள், பன்னீர் என்று கலந்துகொண்டே போனால் எது உறுத்தியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதிலும் எலுமிச்சை கடும் அமிலம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போவதும் உண்டு.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் பாதி சரி. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் தேங்காய் எண்ணெய், மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. அது உடம்புக்கு. பருவயதில் எண்ணெய் வழியும் முகத்திலும், பொடுகு புருவத்துக்கும் மூக்கோரத்துக்கும் இறங்கிய முகத்திலும் அதே எண்ணெய் பருவைக் கிளப்பும், பொடுகுக் காளானுக்குத் தீனியும் போடும். விலை உயர்ந்ததெல்லாம் நல்லது என்று ஆலிவ் எண்ணெய்க்கு மாறுகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2013-இல் வந்த ஓர் ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்கியது. ஏழை எண்ணெயாகக் கருதப்படும் சூரியகாந்தி அப்படிச் செய்யவில்லை.

இதுவரை சொன்னவை வீட்டுக்குள் நடப்பவை. பெரிய கேடு மெடிக்கல் ஷாப்பிலிருந்தும் பியூட்டி பார்லரிலிருந்தும் வருகிறது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாரோ ஒரு டியூப்பின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பத்து நாளில் முகம் வெளுக்கும், பரு மறையும், எல்லோரும் என்ன போட்டாய் என்று கேட்பார்கள். அந்த டியூப்பில் இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஒரு ஸ்டீராய்டு. சில வாரங்கள், சில மாதங்கள் என்று தொடர்ந்தால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பரு பொரிந்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் தீப்பிடித்ததுபோல் காந்தும். மறுபடி பூசினால் அடங்கும். இந்த வளையத்துக்குள் சிக்கியவர்தான் பல நேரம், ‘எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின், நல்ல மாய்ஸ்சரைசர் ஒன்று சொல்லுங்கள்’ என்று வந்து நிற்பவர். இந்தியா முழுவதும் பல தோல் சிகிச்சை மையங்களில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தில் தொல்லையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, துண்டுச் சீட்டு ஒழிந்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது.

பெயரே இல்லாத கிரீம்கள் இன்னும் மோசம். பக்கத்துக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு அரிதான ஓர் உட்பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். சந்தேகம் பாதரசத்தின்மேல் விழுந்தது. முகத்தில் பூசியது சிறுநீரகத்தைப் போய்த் தொட்ட கதை இது.

ஸ்டீராய்டு வளையத்தில் இருப்பவர் எந்த மாய்ஸ்சரைசரைத் தேடும்முன்பும் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வரும் வேதனையைத் தாங்க உதவி தேவை.

மற்றவர்கள் எதைத் தேடலாம்? இங்கே கதை மறுபடி தொழிலாளர்களிடம் திரும்புகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் துளைபோடும் கம்பியில் ஒட்டும் மெழுகை அங்கிருந்த தொழிலாளர்கள் தங்கள் காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் பூசிக்கொள்வதை ராபர்ட் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் கவனித்தார். அதைச் சுத்தம் செய்து வாசலின் என்ற பெயரில் 1872-இல் காப்புரிமை வாங்கினார். தோலிலிருந்து ஆவியாகும் நீரைத் தடுப்பதில் இந்த வெள்ளை மெழுகை மிஞ்ச இன்றுவரை எதுவும் வரவில்லை. ஒவ்வாமையும் மிக அரிது. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியிலானாலும் அறந்தாங்கிப் பேருந்து நிலையத்திலானாலும் சின்ன டப்பா சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வாசனையோ நிறமோ சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். குறை ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் அது முகத்தில் வழிந்து, தூசியைப் பிடித்து, அதன் சுமை தாங்க முடியாமல் போகும். மார்கழிக் குளிரில் இரவுக்கு அது. மற்ற மாதங்களுக்குக் கிரீம்.

நல்ல கிரீமில் மூன்று வேலைக்காரர்கள் இருப்பார்கள். நீரை இழுத்துப் பிடிப்பதற்குக் கிளிசரின். இடைவெளியை நிரப்புவதற்குச் செராமைடு போன்ற கொழுப்பு. மேலே மூடுவதற்கு லிக்விட் பாரஃபின் அல்லது டைமெத்திக்கோன். குதிகால் வெடிப்புக்கு அருமையாக வேலை செய்யும் யூரியாவும் லாக்டிக் அமிலமும் காந்தும் முகத்தில் எரியும்; காலுக்கு வாங்கியதை முகத்துக்கு எடுக்க வேண்டாம். இந்திய விதிப்படி உறையில் சேர்மானங்கள் அதிக அளவிலிருந்து குறைந்த அளவு என்ற வரிசையில் இருக்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். எல்லாம் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழில் அச்சிட்டால் கிரீம் கெட்டுவிடுமா என்ன? தேட வேண்டிய வார்த்தைகள் சிலதான்: ஃபிராக்ரன்ஸ், பர்ஃப்யூம், லினலூல், லிமனீன். இவை வாசனை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடலாம். ‘அன்சென்டட்’ என்று எழுதியிருந்தாலும் முழுதாக நம்ப முடியாது. மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம்; ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதே வேண்டியது. மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற கெடாமல் காக்கும் பொருளையும் தவிர்க்கலாம். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2013-இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. 2023-இல் அந்தப் ‘பட்டம்’ ஆட்டு உரோமக் கொழுப்பான லானோலினுக்குப் போனது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற வார்த்தைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம்கூட எந்த வரையறையும் இல்லை. தயாரிப்பாளர் என்ன நினைக்கிறாரோ அதுதான் அதன் பொருள். செடிகொடிகளின் சாறு இருபது இருக்கிறது என்று பெருமை பேசும் கிரீமும் காந்தும் முகத்துக்கு இருபது சந்தேக நபர்களைக் கூட்டி வருகிறது. இயற்கை என்றால் சாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை முந்திரிக்கொட்டை உடைத்துப் பார்க்கலாம்.

வாங்கியதும் முகத்தில் போட வேண்டாம். முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள் பூசி, தடிப்போ ஊறலோ வராவிட்டால் முகத்துக்குப் போகலாம். முகம் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும்முன் பூசினால் பிடித்துவைக்க அங்கே நீர் இருக்கும். கிரீமைச் சோதித்துப் பார்க்கும் நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது.

இவ்வளவும் செய்தும் அடங்காவிட்டால், அது வறட்சியே இல்லாமல் இருக்கலாம். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் வட்டமாக வெளுத்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபினால் காரணமாகலாம். தலைச் சாயம் போட்ட இரண்டாம் நாள் கண்ணிமை வீங்கினால் சாயம். வயல் வேலை முடித்து வந்தபின் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சேர்ந்து அரித்தால், 1950-களில் புனே பக்கம் தென்பட்டுத் தேசமெங்கும் பரவிய பார்த்தீனியச் செடியின் தூள். மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும் என்பதால் ரொசேசியா என்ற நோயும் நம் ஊரில் பலமுறை கண்ணுக்குத் தப்புகிறது.

இவற்றைப் பிரித்தறியப் பேட்ச் டெஸ்ட் இருக்கிறது. சந்தேகப் பொருட்களைச் சிறு சிறு அறைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கவும் கூடாது. அதனால் பங்குனி, சித்திரையில் மருத்துவர் தள்ளிப்போடச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டி, இந்தச் சோதனைக்கு எங்கே போகலாம் என்று விசாரிக்கலாம். போகும்போது வீட்டில் முகத்தோடு தொடர்புள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது நல்லது: சோப்பு உறை, கிரீம், பொட்டு அட்டை, குங்குமம், மை, தலைச் சாயப் பாக்கெட், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த லேபிள் இல்லாத டப்பாவும்.