ஒரே நிறக் கோய் மீனை இனங்காணல்

யப்பானின் நிகாட்டா மலைக்கிராம விவசாயிகள், வயலுக்கு நீர் தேக்கும் குளங்களில் பனிக்கால உணவுக்காகக் கார்ப் மீன் வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றுள் நிறம் மாறிப் பிறந்த மீன்களைத் தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். அவ்வாறு உண்டானதே 'கோய்' எனப்படும் அலங்கார மீன்.

சிவப்பும் வெள்ளையும் கலந்த மீன்களையே பலர் விரும்புவர். ஆனால் உடல் முழுவதும் ஒரே நிறமான இனங்களும் உண்டு. பொன் போல மின்னுவது 'ஓகோன்'. மினுக்கமின்றித் தேநீர் நிறத்தில் இருப்பது 'சாகோய்'. யப்பானிய மொழியில் 'சா' என்றால் தேநீர்.

இவற்றை மேலிருந்து பார்த்தே தரம் பிரிக்க வேண்டும்.

1. தலை முதல் வால் வரை நிறம் சமமாக இருக்க வேண்டும். தலையில் கறை இருத்தல் ஆகாது.

2. செதில்கள் வலை பின்னியது போல ஒழுங்காக அமைய வேண்டும்.

3. உடல் நடுவில் பருத்து, வாலை நோக்கிச் சீராக ஒடுங்க வேண்டும்.

பல நிற மீனின் குறையை அதன் கோலம் மறைக்கும். ஒரே நிற மீனுக்கு அந்த மறைவு இல்லை.

சாகோய் பார்வைக்கு எளியது. ஆனால் விரைவாகப் பெருக்கும். மனிதரோடு நன்கு பழகும். அது கையில் உணவெடுப்பதைக் கண்டு ஏனைய மீன்களும் அச்சம் நீங்கி வரும்.

2004 ஒக்டோபர் 23ஆந் திகதி நிலநடுக்கத்தால், இம்மீன் வளர்ப்பில் பெயர்பெற்ற யமகோசிக் கிராமத்தின் ஏறத்தாழ 2,200 மக்களும் இடம்பெயர்ந்தனர். குளங்கள் உடைந்தன, மீன்கள் பெருமளவில் இறந்தன. தப்பியவற்றுட் சிலவற்றை உலங்குவானூர்தியில் ஏற்றிக் காப்பாற்றினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளின் பின் பலர் ஊர் திரும்பிக் குளங்களைத் திருத்தி, எஞ்சிய மீன்களோடு தொழிலைத் தொடர்ந்தனர்.

விதைநெல்லைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.