சத்தத்துக்கும் சாதி உண்டு: ஹெவி மெட்டல் ரசிகனின் வெளி இசைகள்

1

ரசனை என்பது தனிமனித விவகாரம் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது. 'எனக்குப் பிடிக்குது, கேக்கிறேன், அவ்வளவுதான்' என்று பேச்சை முடித்துவிடலாம். ஆனால் எது இசையாகவும் எது இரைச்சலாகவும் காதில் விழுகிறது என்பதைக் காது மட்டும் தீர்மானிப்பதில்லை. இதைப் பேசுவதற்கு ஹெவி மெட்டல் ரசிகன் நல்ல உதாரணம். ஊரே இரைச்சல் என்று ஒதுக்கிய ஒன்றை இசை என்று வாதாடுகிறவன் அவன். மெட்டலை விட்டு வெளியே வரும்போது அவன் எதைக் கேட்கிறான், எதைக் கேட்காமல் விடுகிறான் என்பதே இங்கே கேள்வி.

மெட்டலை உருவாக்கியவர்களுக்குக் கேட்பதற்கு மெட்டல் என்று ஒன்று இருக்கவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் 1968இல் உருவான பிளாக் சபாத் குழு, கறுப்பர்களின் ப்ளூஸ் இசையை வாசிக்கும் குழுவாகத்தான் தொடங்கியது. அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி 1965இல், பதினேழு வயதில், தகரப் பட்டறை எந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கமுள்ளவர்; தந்தியை அழுத்துகிற கையே போயிற்று. பட்டறை மேலாள் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்கச் சொன்னார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ரோமானி ஜாஸ் கலைஞருடையது. 1928இல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியபின், மிச்ச விரல்களால் வாசித்தவர் அவர். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் போட்டார். 1971 ஆல்பத்தில் தந்திகளை மூன்று அரைச்சுரம் தாழ்த்தித் தளர்த்தினார். கனமான அந்த ஒலி காயம்பட்ட ஒரு தொழிலாளியின் கையிலிருந்து வந்தது. அந்தக் கைக்கு வழி காட்டியது நாடோடி இனம் ஒன்றின் இசை.

ஆக, மெட்டலின் 'வெளி' அதன் கருவறைக்குள்ளேயே இருக்கிறது.

2

பிறகு நடந்தது வேறு. எழுபதுகளின் கடைசியிலிருந்து மெட்டல் கிதார் கலைஞர்கள் பாஹ், விவால்டி, பகனினி என்று ஐரோப்பிய செவ்வியல் இசைக்குப் போனார்கள். 1984இல் வந்த யிங்வே மால்ம்ஸ்டீனின் முதல் தனி ஆல்பம் இதன் உச்சம். இசையியலாளர் ராபர்ட் வால்சர் 1993இல் எழுதிய நூலில், செவ்வியல் என்று மேலே தூக்கி வைக்கப்பட்டதை இவர்கள் கீழே இறக்கித் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தினார்கள் என்று வாசிக்கிறார். சரிதான். ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. 'நானும் பாஹ் கேட்கிறேன்' என்பது ரசிகன் காட்டும் நன்னடத்தைச் சான்றிதழாகவும் ஆகிவிடுகிறது. அந்தச் சான்றிதழில் ப்ளூஸின் கறுப்புக் கைகள் மறைந்துபோகின்றன.

நம் பக்கத்தில் இந்தச் சான்றிதழ் எங்கிருந்து வாங்கப்படுகிறது? கர்நாடக இசையிலிருந்தும் வேத மந்திரங்களிலிருந்தும். 1992இல் சிங்கப்பூரில் தமிழர்கள் தொடங்கிய ருத்ரா குழு தன் இசையை 'வேத மெட்டல்' என்றே அழைத்துக்கொண்டது. பாடுபொருள் வேதாந்தம், மந்திரங்கள் வடமொழியில். அவர்களுடைய ஈடுபாட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மெட்டல் தனக்கு ஒரு 'இந்திய' முகம் தேடும்போது அந்த முகம் ஏன் உடனே இதுவாக அமைகிறது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

3

ஆரணிப் பக்கம் களம்பூரை எடுத்துக்கொள்வோம். ஆரணி ரோடு ரயில் நிலையம் இருக்கிற ஊர். பட்டுத்தறி, அரிசி ஆலை என்று உழைப்பின் சத்தம் நிறைந்த வட்டாரம். இங்கே உட்கார்ந்து செல்போனில் மெட்டல் கேட்கிற ஒரு பையனை வைத்துக்கொள்வோம். அவனுக்கு மெட்டலில் பிடித்தது என்ன? உடம்பை உலுக்கும் ஒலியளவு. விடாமல் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர், அதாவது ரிஃப். தொண்டையைக் கிழிக்கும் குரல். சாவைப் பற்றிக் கூச்சமில்லாத பேச்சு.

இதெல்லாம் அவன் வட்டாரத்திலேயே கிடைக்கிறது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது பம்பையும் உடுக்கையும் ஆளைச் சாமியாட வைக்கின்றன. பாரதக் கூத்தில் முகவீணையோடு போட்டி போட்டு உச்சத்தில் பாடுகிற குரல் விடியும்வரை இறங்குவதில்லை. மெட்டல் ஆல்பத்தின் அட்டையில் மண்டையோடு வெறும் படம். மாசி மாத மயானக் கொள்ளையில் சுடுகாடே சனங்களின் திருவிழா. அப்புறம் பறை. அயோமி தந்தியைத் தளர்த்திக் கனம் சேர்த்தார். பறைக் கலைஞர் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றி ஒலியைக் கூராக்குகிறார். அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் சேர்ந்து ஒரே அடியைச் சுழற்றிச் சுழற்றிப் போடும்போது அது ரிஃப் இல்லாமல் வேறென்ன?

இருந்தும் 'மெட்டல் தவிர வேற என்ன கேப்ப?' என்று கேட்டால் அவன் வாயில் பறை வருவது அபூர்வம். பாஹ் வரும், இளையராஜா வருவார், ஜாஸ்கூட வரும். பறை அவனுக்கு இசை வரிசையில் இல்லை. 'சாவு மேளம்' என்ற வேறு கணக்கில் இருக்கிறது. தெருவையும் சுடுகாட்டையும் பிரித்த சாதி, காதையும் பிரித்து வைத்திருக்கிறது.

4

அப்படியானால் மெட்டல் ரசிகன் பறையை 'கண்டுபிடித்து' ரசிக்க ஆரம்பித்தால் போதுமா? இங்கேதான் கவனம் வேண்டும். பறையடிப்பது தலித்துகள்மேல் சுமத்தப்பட்ட கட்டாய வேலையாக இருந்தது. அதனால் 'இனி அடிக்கமாட்டோம்' என்று மறுத்தது ஒரு போராட்டம். 'இது எங்கள் கலை, எங்கள் விருப்பப்படி அடிப்போம்' என்று மீட்டெடுத்தது இன்னொரு போராட்டம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கையிலெடுத்தார்கள். இந்த வரலாறு தெரியாமல் தாளத்தை மட்டும் உருவிக்கொண்டால், ப்ளூஸுக்கு நேர்ந்ததுதான் பறைக்கும் நேரும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. பிரேசிலின் செபுல்துரா குழு 1996 ஆல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடியினரின் ஊருக்கே போய் அவர்களோடு சேர்ந்து பதிவு செய்தது. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்', கானாவையும் பறையையும் மின்கிதாரையும் சமமாக நிறுத்திச் சாதியைப் பேரைச் சொல்லியே பாடியது. அது மெட்டல் இல்லை. ஆனால் மின்கிதாரும் பறையும் எந்த நிபந்தனையில் பக்கத்தில் நிற்கலாம் என்பதைக் காட்டியது: அடிக்கிறவருக்கு மேடையும் பெயரும் பேச்சும் இருக்க வேண்டும்.

'இது இரைச்சல் இல்ல, இசை' என்று வீட்டாரோடு சண்டை போடுகிற ரசிகன், அந்த வாக்கியத்தை வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் தெருவுக்கும் எடுத்துக்கொண்டு போகட்டும். சேரியில் அதை அவனுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.