அலை தொட்ட கரைகள் – 6: பெயரில்லாமல் புதைந்தவர்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால், 14 நாடுகளில் சுமார் 2,30,000 பேர் என்று சொல்லிவிடுகிறோம். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் பூமி பிளந்த கதையைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். இந்த வாரம் அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்று பார்க்கலாம். ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் இடையே சில ஆயிரங்கள் வித்தியாசம் வருகிறது. அந்தச் சில ஆயிரங்களும் மனிதர்கள்தான்.

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் அரை மணி நேரத்துக்குள் அலை வந்துவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,67,000 பேர். தலைநகர் பண்டா ஆச்சேவில் உடல்களை அடையாளம் காண எவருக்கும் அவகாசம் இல்லை. காணோமென்று புகார் சொல்ல வேண்டிய குடும்பமே பல வீடுகளில் மொத்தமாகப் போய்விட்டது. நகருக்கு வெளியே சிரோன் என்ற இடத்தில் மட்டும் ஒரே புதைகுழி வளாகத்தில் 46,000-க்கும் மேற்பட்டோர் கிடக்கிறார்கள். அங்கே தனித்தனிக் கல்லறை கிடையாது. புல்வெளி மட்டும்தான்.

இலங்கையில் 35,000 பேருக்கு மேல். காலிக்குப் போகும் வழியில் பெரலியவில் அலையில் சிக்கிய ரயிலில் 1,700 பேராவது இறந்திருப்பார்கள் என்பது மதிப்பீடுதான். விற்ற டிக்கெட்டை வைத்து அந்தக் கணக்கைப் போட முடியாது. முதல் அலைக்குத் தப்பிய ஊர்க்காரர்கள், நின்றுகொண்டிருந்த ரயில் தங்களைக் காக்கும் என்று நம்பி, பிள்ளைகளோடு பெட்டிகளில் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளையே புரட்டிப் போட்டது. அவர்களுக்கு ஏது டிக்கெட்?

தாய்லாந்தின் கதை வேறு. அங்கே கிடைத்த 5,300-க்கும் மேற்பட்ட உடல்களில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுடையவை. சுவீடன் மட்டுமே 543 பேரை இழந்தது. தக்குவா பா நகரில் யான் யாவ் புத்தர் கோயில் பிணவறையானது. 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் தடயவியல் நிபுணர்கள் வந்து மாதக்கணக்கில் வேலை செய்தார்கள். வெயிலில் உடல்கள் சில நாளிலேயே முகம் தெரியாமல் போய்விட்டதால், அவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது பல் மருத்துவப் பதிவுகள்தான். வருடம் தவறாமல் பல் மருத்துவரிடம் போன ஐரோப்பியர்களின் எக்ஸ்ரே ஊரிலிருந்து வந்து சேர்ந்தது, பெயர் கிடைத்தது, உடலும் வீடு போய்ச் சேர்ந்தது. தாய்லாந்து மக்களுக்கு அடையாள அட்டைக்காக எடுத்த கைரேகை உதவியது.

இந்த இரண்டும் இல்லாதவர்கள் பர்மியத் தொழிலாளர்கள். மீன்பிடிப் படகிலும் ஹோட்டல் கட்டுமானத்திலும் கூலிக்கு இருந்தவர்கள். பலரிடம் எந்தக் காகிதமும் இல்லை. தேடி வந்தால் தங்களையும் பிடித்து நாடு கடத்துவார்கள் என்று பயந்து, உறவினர்கள் பிணவறைப் பக்கமே வரவில்லை. பாங் மருவான் இடுகாட்டில் பெயருக்குப் பதில் எண்ணோடு அடக்கம் செய்யப்பட்ட சில நூறு பேரில் அநேகர் இவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரே கடற்கரையில், ஒரே காலையில் இறந்தவர்கள். பெயரோடு போவதற்கும் எண்ணோடு கிடப்பதற்கும் இடையே பணமும் காகிதமும் நின்றது என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஆண், பெண் கணக்கும் நெஞ்சைப் பிசைகிறது. ஆக்ஸ்பாம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கடலூரில் இறந்தவர்களில் ஆண்கள் 146, பெண்கள் 391. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு அடியில் அலை வெறும் ஏற்றமாகத்தான் கடந்து போனது. மீனை ஏலம் எடுத்து விற்கக் கரையில் காத்திருந்த பெண்கள்மேல்தான் அது சுவராக எழுந்து விழுந்தது. வீட்டில் இருந்தவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் நின்றார்கள். ஆச்சேயிலும் இதே நிலைதான். பல கிராமங்களில் பிழைத்தவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தியாவில் 10,700-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் 5,600-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனதாகவும் அரசுக் கணக்கு. காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் நிக்கோபார் தீவுகளில் இருந்தவர்கள். தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் 6,000 உயிர்களைக் கொடுத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்த வெளியூர் யாத்திரிகர்களும் அதில் உண்டு. அவர்களில் பலரை யாரென்று தெரியாமலேயே குழிதோண்டிப் புதைக்க வேண்டியிருந்தது.

நம் கடலோர ஊர்களில் நினைவுத் தூண்கள் இருக்கின்றன. அன்று ஊருக்கு வந்திருந்த விருந்தாளி, வியாபாரி, கூலிக்கு வந்தவர் பெயர்கள் அவற்றில் இருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால், அவர்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் இந்த டிசம்பருக்குள் கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெரியவர்களுக்கும் வயதாகிவிட்டது.

(தொடரும்)