கன்னிமாராவைத் தொடாத கோடாரி

பாலக்காட்டுக்காரர் தன் மாவட்டத்திலேயே இருக்கும் பரம்பிக்குளத்துக்குப் போக, தமிழ்நாட்டுக்குள் வந்து ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று சுற்ற வேண்டும். அவருக்கு நேர்ச்சாலை இல்லை. மரத்துக்கு மட்டும் ஒரு காலத்தில் நேர்வழி இருந்தது.

கொச்சி சமஸ்தானம் 1907இல் திறந்த டிராம் பாதை அது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். செங்குத்துச் சரிவுகளில் எஞ்சினுக்கு வேலையில்லை. மரம் ஏற்றிய பெட்டி இறங்கும் கனமே வெற்றுப் பெட்டியை மேலே இழுத்துவிடும். 1963இல்தான் டிராம் நின்றது. மரம் வெட்டுபவன் என்றதும் இருட்டில் ரம்பத்தோடு வரும் திருடன்தான் நமக்கு ஞாபகம் வருகிறான். இங்கே வெட்டியது அரசாங்கம். பகலில், கூலி கொடுத்து, கணக்கெழுதி வெட்டியது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் யோக்கியம் அதிகமில்லை. மலைமேலிருந்து மரங்களைச் சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்று பெயரே. பிறகு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், அடிக்கட்டையைத் துளிர்க்க விட்டும் விதை ஊன்றியும் தேக்கை மீட்டார். கைத்தடியால் குழி குத்தி விதை போட்டபடியே நடப்பார் என்று இன்றும் சொல்கிறார்கள். 1933இல் இறந்தவரின் கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது.

ஆனால் நட்ட தேக்கு வேறு, காடு வேறு. கோடையில் தேக்குத் தோப்பில் நடந்தால் சருகு நொறுங்கும், வெயில் தலையில் இறங்கும். அங்கிருந்து கரியன்சோலை நடைபாதைக்குள் நுழைந்தால் நண்பகலே மங்கிவிடுகிறது. வெட்டுக்குப் போன இடங்களில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்பதை அந்த ஈர இருட்டு சொல்லிவிடும்.

பரம்பிக்குளத்தில் துணக்கடவு அருகே நிற்கும் கன்னிமாரா தேக்கு பிழைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். வயது 450க்கும் அதிகம் என்பது மதிப்பீடு. வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டதாம். கோடாரியைப் போட்டுவிட்டு மலைமக்கள் கும்பிட்டார்களாம். இடுக்கியின் மறையூரில் சந்தன மரத்துக்கு எண் போட்டு, கம்பி வேலி கட்டி, இரவும் பகலும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தேக்குக்கு, அதிகாரமே வெட்டச் சொன்ன காலத்தில், ஒரு கதை போதுமாக இருந்திருக்கிறது.

பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமானது. கூப்பு எனப்படும் வெட்டுப் பகுதிகளில் மரம் வெட்டவும் இழுக்கவும் போன காடர், மலசர் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் நடக்கிறார்கள். வெட்டினால் கிடைத்த கூலி, இப்போது மரம் நின்றால்தான் கிடைக்கிறது.